ஆத்துல கண்ணசந்த அம்மா

இப்படி வந்து படு கண்ணு. போர்வையை இழுத்துக்கோ. பெரியம்மாவுக்கும் இன்னிக்கு உடம்பெல்லாம் அசதி. அதனால மெதுவாத்தான் சொல்லுவேன். நீ "ம்" கொட்டிட்டே இருக்கணும். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. தூக்கமே பத்தாத அம்மா. பேரு வசந்தாமணி. பனியன் கம்பெனியில வேலை. காலையில மிஷின்ல உக்காந்தான்னா டர்ர்ர்... டர்ர்ர்னு தெச்சுட்டே இருப்பா. பொழுது சாஞ்சு வீட்டுக்கு வந்து, சோறாக்கி, துணி தொவைச்சு, தண்ணி புடிச்சு வெச்சுட்டுப் படுத்தா, படுத்த மாதிரியே இருக்காது. கோழி கூப்பிட்டுரும்.

அப்பா எங்க பெரியம்மா?

அப்பா லாரி ஓட்டிட்டு வடக்க போயிருக்கார். மாசத்துக்கு ஒருக்கா வருவார். வீட்ல அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும்தான். மூத்தவ ரேணுகா, பத்து வயசு, வாயில்லாப் பூச்சி. இளையவ மிருதுளா, ஏழு வயசு, வாய்க்குப் பூட்டே கெடையாது.

அந்த மிருதுளா ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, ஆத்தோரமா ஒரு பூங்கா இருக்காம். படகுல நாமளே துடுப்புப் போடலாமாம். காட்டுக்குள்ள நடக்கலாமாம். ராத்திரி கூடாரத்துலயே படுத்துக்கலாமாம். போலாமா?"ன்னு கேட்டா.

"போலாம் கண்ணு"ன்னா அம்மா.

பொங்கல் போச்சு. "போலாம் கண்ணு." முழுப் பரீட்சை லீவு போச்சு. "போலாம் கண்ணு." அப்புறம் ஆடி நோம்பியும் போச்சு. மிருதுளா கேக்கறதையே விட்டுட்டா. அவ கேக்காம விட்டதுதான் அம்மாவுக்குச் சுருக்குன்னு தெச்சுது. அந்த வாரம் ராப்பகலா வேலையை முடிச்சுக் குடுத்துட்டு, ரெண்டு நாள் லீவு வாங்கினா. புளிச்சோறு கட்டிகிட்டு, புள்ளைங்களைக் கூட்டிகிட்டு, பஸ் ஏறிட்டா.

ம்.

பூங்கா நல்லா இருந்துச்சு. பெரிய பெரிய மருதமரம். அதுக்குக் கீழ ஆறு, சலசலசலன்னு. படகுக்காரர் ஒருத்தர், பழனியப்பன்னு பேரு, மூணு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். "அந்தச் செவப்பு மிதவை தெரியுதுங்களா? அதுக்கு இந்தப் பக்கமே இருந்துக்கங்க. தாண்டினா தண்ணி இழுக்கும். அங்கிட்டுப் பூராவும் பாறைங்க"ன்னு சொல்லித்தான் படகைத் தள்ளிவிட்டார்.

அம்மா கையில ஒரு துடுப்பு, ரேணுகா கையில ஒரு துடுப்பு. நடுவுல மிருதுளா. சளக்... சளக்... கொக்கு ஒண்ணு பறந்துச்சு. அம்மா சிரிச்சா. அம்மா சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு ரேணுகா அவ மூஞ்சியவே பாத்தா.

அப்புறம் மரத்து நெழல் வந்துச்சு. குளுகுளுன்னு காத்து. அம்மாவோட துடுப்பு சளக்... ச...ளக்... அப்புறம் சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா, அம்மா உக்காந்த வாக்குலயே தூங்கிப்போயிட்டா. துடுப்பு நழுவி, டுபுக்னு தண்ணியில விழுந்து, அது பாட்டுக்கு மெதந்து போயிருச்சு.

ரேணுகா எழுப்பப் போனா. மிருதுளா அவ கையைப் புடிச்சுட்டா.

"வேண்டாங்க்கா. எழுப்பினா வீட்டுக்குப் போலாம்னு சொல்லிரும். அது தூங்கறதுக்குத்தான் வந்துச்சு. தூங்கட்டும், போ."

கோவம் அவளுக்கு. அவ கோவத்தையும் என்னன்னு சொல்றது, எத்தனை மாசம் காத்திருந்த புள்ளை. ரெண்டு பேரும் தண்ணியில கையை விட்டு அளைஞ்சுட்டு இருந்தாங்க. படகு மெதுவா, மெதுவா, கெழக்க போச்சு. செவப்பு மிதவை பக்கத்துல வந்துச்சு. அப்புறம் பின்னால போயிருச்சு. அதை யாரும் பாக்கல.

ம்... அப்புறம்?

அப்புறம் தண்ணியோட சத்தம் மாறிப்போச்சு. சலசலன்னு இருந்தது, ஹோ...ன்னு ஆயிருச்சு. ரேணுகா நிமிந்து பாத்தா. தூரத்துல கருப்பு கருப்பா பாறை, அதுக்கு நடுவுல வெள்ளையா நொரை.

இருந்த ஒத்தத் துடுப்பைப் போட்டா. படகு கிர்ர்னு சுத்துச்சே ஒழிய திரும்பல. அப்போ கரையிலருந்து ஒரு புங்கங்கிளை தாழ வந்துச்சு. மிருதுளா எட்டிப் புடிச்சா. படக். கிளை ஒடிஞ்சு கையோட வந்துருச்சு. அப்புறந்தான் ரெண்டும் சேந்து, "அம்மா... அம்மா..."ன்னு உலுக்குச்சுங்க.

அம்மா கண்ணைத் தொறந்தா. திட்டல. சத்தமும் போடல. பாறையைப் பாத்தா, கரையைப் பாத்தா. ரேணுகா கையிலருந்து துடுப்பை வாங்கிக் கீழ விட்டுக் குத்திப் பாத்தா. ணங்குன்னு கல்லுல பட்டுச்சு. "ரெண்டு பேரும் கீழ உக்காந்து கெட்டியாப் புடிச்சுக்கங்க"ன்னுட்டு, தண்ணியில எறங்கிட்டா.

இடுப்பளவு தண்ணி. இழுவையோ இழுவை. படகோட கயித்தைக் கையில சுத்திகிட்டு ஒரு அடி வெச்சா. நின்னா. இன்னொரு அடி. காலு வழுக்கி முட்டி போட்டுட்டா, கழுத்து வரைக்கும் தண்ணி வந்துருச்சு. கயித்தை மட்டும் விடல. ராப்பகலா மிஷின் மிதிச்ச காலு கண்ணு அது. தூக்கமில்லாத உடம்பு. அதை இழுத்துகிட்டு, படகையும் இழுத்துகிட்டு, அந்தம்மா கரையில வந்து விழுந்தா.

பழனியப்பன் இன்னொரு படகுல வெரசா வந்தார். மூணு பேரையும் படகுத்துறைக்குக் கூட்டிட்டு வந்து, டீ வாங்கிக் குடுத்தார்.

அம்மா டீயைக் குடிச்சா. குடிச்சுட்டு, "ஏன் சாமி என்னை எழுப்பல?"ன்னு கேட்டா.

ரேணுகா தலையைக் குனிஞ்சுகிட்டா. மிருதுளாதான் சொன்னா. "எழுப்பினா வீட்டுக்குப் போலாம்னு சொல்லிருவே. எங்களோட இருக்கறதுக்கு உனக்குப் புடிக்கல."

அம்மா ஈர ஷாலைப் புழிஞ்சு தோள்ல போட்டுகிட்டு, "காட்டுல நடக்கணும்னியே, வா"ன்னு எந்திரிச்சா.

ம்.

நடந்தாங்க, நடந்தாங்க. மேடு. சருகு சரக் சரக்குன்னுது. அம்மா கொஞ்ச தூரத்துக்கு ஒருக்கா மரத்தைப் புடிச்சுட்டு நின்னா. "என்னம்மா?"ன்னா, "ஒண்ணுமில்ல, நட"ன்னா. வீட்லயும் அப்படித்தான் சொல்லுவா. முதுகு வலிச்சாலும் ஒண்ணுமில்ல. காய்ச்சல் அடிச்சாலும் ஒண்ணுமில்ல.

மேல ஒரு பாறை. அங்கருந்து பாத்தா கீழ ஆறு வளைஞ்சு போறது தெரிஞ்சுது. அம்மா அந்தப் பாறையில உக்காந்தா. உக்காந்து, புள்ளைங்களைப் பாக்காம, ஆத்தைப் பாத்துகிட்டே சொன்னா.

"எனக்கு முடியல கண்ணு. ரொம்ப நாளாவே முடியல. உங்களோட இருக்கணும்னுதான் நெனைக்கறேன். உக்காந்தா கண்ணு இருட்டிட்டு வந்துருது."

அம்மாவுக்கு முடியாமப் போகும்னு அந்தப் புள்ளைங்களுக்கு அது வரைக்கும் தெரியாது. ரேணுகா கிட்ட வந்து ஒட்டி உக்காந்தா. மிருதுளா புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு, மொத உருண்டையை அம்மா வாயில வெச்சா.

அப்புறம் பொழுது எறங்குச்சு. மூணு பேரும் கீழ வந்தாங்க. பூங்காவுல குடுத்த கூடாரத்தை ரெண்டு பொண்ணுங்களே கட்டுச்சுங்க. கோணலாத்தான் நின்னுச்சு, ஆனா நின்னுச்சு. "படும்மா"ன்னாங்க. அம்மா படுத்தா.

தூங்கிட்டாளா?

அதான் இல்ல. கண்ணை மூடுவா, வெடுக்குன்னு எந்திரிச்சு, "புள்ளைங்க எங்க?"ன்னு தடவுவா. கண்ணை மூடினா அந்த ஹோ...ங்கற சத்தம். தான் தூங்கினா புள்ளைங்களை ஆறு கொண்டுபோயிரும்னு பயம் வந்துருச்சு.

ரேணுகா காலைப் புடிச்சுவிட்டா. அம்மா தூங்கல. அப்புறம் ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் ஒட்டிப் படுத்தாங்க. தூங்கல. வெளியில தவளை க்ரக்... க்ரக்னு கத்துது. அப்போ மிருதுளா எந்திரிச்சு, அம்மாவோட ஷாலை எடுத்தா. ஒரு முனையை அக்கா கையில கட்டினா. இன்னொரு முனையைத் தன் கையில கட்டிகிட்டா, பல்லாலயே முடிச்சை இறுக்கினா. நடுவுல இருக்கறதை அம்மா உள்ளங்கையில வெச்சு மூடினா.

"நாங்க எங்கயாச்சும் போனா உன் கையை இழுக்கும். இழுக்கலைன்னா, இங்கதான் இருக்கோம்னு அர்த்தம். நீ தூங்கு."

அம்மா அந்த ஷாலை மெதுவா இழுத்துப் பாத்தா. அந்தப் பக்கம் ஒரு சின்னக் கை. இந்தப் பக்கம் ஒரு சின்னக் கை. ரெண்டும் இருந்துச்சு. ஒரு பெருமூச்சு விட்டா. அப்புறம் தூங்கினா பாரு... ஒரு தூக்கம்... உஸ்... உஸ்ஸுன்னு. ஆத்துச் சத்தமும் கேக்கல, தவளைச் சத்தமும் கேக்கல.

ம்...

விடிஞ்சுது. மயில் கத்துச்சு. பக்கத்துக் கூடாரத்துப் புள்ளைங்க எல்லாம் ஆத்துக்கு ஓடுதுங்க. மிருதுளாவுக்கு எப்பவோ முழிப்பு வந்துருச்சு. கை மரத்துப்போச்சு, பசி வேற. பழனியப்பன் கூடாரத்துக்குள்ள குனிஞ்சு, "பாப்பா, அங்க தண்ணி கம்மியா இருக்கற பக்கம் நானே கூட வந்து படகு ஓட்டறேன், வர்றியா?"ன்னு மெதுவாக் கேட்டார்.

மிருதுளா அந்த ஆத்தைப் பாத்தா. படகையும் பாத்தா. அப்புறம் கட்டியிருந்த கையைக் காமிச்சு, வேண்டாம்னு தலையாட்டினா. ஷால் இழுபடாம, அம்மா பக்கத்துல மறுபடியும் பையப் படுத்துகிட்டா. வெயில் ஏற ஏற, மூணு பேரும் அங்கயே கெடந்தாங்க.

...

கண்ணு? "ம்" காணமே.

சரி சரி. கதை கரையேறிருச்சு, நீயும் தூங்கு. நானும் இப்படியே சாயறேன்.