மருதாயி பிடுங்கிய கத்தரிச்செடி

ஆறுகளுக்குப் பெயர் வைத்து முடித்து, ஊர்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அப்போது ஒரு சின்ன நாடு இருந்தது. காலையில் ஒரு கோடியில் நடக்க ஆரம்பித்தால், மதியச் சோற்றுக்கு மறு கோடிக்குப் போய்விடலாம். அந்த நாட்டை ஆண்டவன் பெயர் கொற்றவேல்.

கொற்றவேல் நல்ல அரசன்தான். வரி குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. ஆனால் எதையும் விடமாட்டான். கிழிந்த குடை, பல் போன சீப்பு, செத்துப்போன குதிரையின் லாடம் என்று அரண்மனையில் அறை அறையாக அடைந்து கிடந்தது. கேட்டால், "இன்னும் உபயோகம் இருக்கு" என்பான். அமைச்சர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் இருவருக்குத் தொண்ணூறு வயது, தலை தானாகவே ஆடியது.

அரண்மனைச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். அதைப் பார்த்துக்கொண்டவள் மருதாயி. கணவனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகளோடு தோட்டத்து மூலையில் ஒரு குடிசையில் இருந்தாள். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

ஆனி மாதம் முடியப்போகிற ஒரு காலையில் மருதாயி கத்தரிச்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அரசன் காற்று வாங்க வந்தான். பிடுங்கிப் போட்ட ஒரு செடியில் காய் தொங்கியது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ மருதாயி, இது என்ன அக்கிரமம்? காய் இருக்கே, கண்ணு தெரியலையா?"

"இருக்கு ராசா, எண்ணி நாலு காய். மாசியிலேருந்து காய்ச்சு ஓஞ்ச செடி. இப்பப் பிடுங்கி மண்ணைக் கொத்தி வெயில்ல காயவிட்டாத்தான் ஆடியில விதை போட முடியும்."

"நாலு காய் குடுக்கிற செடிய வேரோட பிடுங்குறவ, நாளைக்கு நாலு வார்த்தை பேசுற கிழவனையும் தூக்கி வெளிய போடுவே."

பின்னால் நின்ற அமைச்சர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

அரசன் அங்கேயே ஒரு பந்தயம் வைத்தான். தோட்டம் இரண்டு பாதி. கிழக்குப் பாதி அவனுடையது. அங்கே உள்ள செடிகளுக்கு அவள் தண்ணீர் ஊற்றலாம், கை வைக்கக் கூடாது. மேற்குப் பாதியில் அவள் இஷ்டம். புரட்டாசி கடைசி நாள், யாருடைய பாதியில் விளைந்தது அரண்மனைப் பந்திக்குப் போதுமோ அவர்கள் ஜெயித்தவர்கள். அவள் தோற்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடிசையைக் காலி செய்ய வேண்டும்.

"நான் ஜெயிச்சா, ராசா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. "கேட்டதைத் தர்றேன், போ" என்றான்.

மருதாயி அன்றைக்கே வேலையில் இறங்கினாள். பழைய செடிகளை அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்துக்கு வெளியே கொளுத்தினாள். மண்ணை ஆழமாகக் கொத்திப் பன்னிரண்டு நாள் வெயிலில் போட்டாள். மாட்டுக்கொட்டில் பக்கம் மக்கிக் கிடந்த எருவைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். மூங்கில் நட்டுப் பந்தல் போட்டாள். கத்தரி நின்ற மண்ணில் மறுபடியும் கத்தரி வைக்கக் கூடாது என்பது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அரசர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் வந்ததில்லை. அவள் பீர்க்கும் புடலும் ஊன்றினாள்.

ஆடியில் அரசன் வந்தான். கிழக்கே ஒரு கூடைக் கத்தரிக்காய் இருந்தது. மேற்கே வெறும் மண்ணும், அதில் விரல் உயர முளைகளும். "மூங்கிலைத்தான் குழம்பு வைக்கப் போறியா?" என்று சிரித்துவிட்டுப் போனான். மருதாயி முளைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஆவணியில் அரசன் வந்தான். கிழக்கே அரைக் கூடை, அதிலும் பாதிக் காயில் ஓட்டை. மேற்கே பந்தல் நிறைய மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ, ஆனால் ஒரு பிஞ்சுகூட இல்லை. கிழக்குச் செடிகளின் கொழுந்து வாடித் தொங்குவதை மருதாயி காட்டினாள். "தண்டுக்குள்ள புழு இருக்கு ராசா. வாடினதை மட்டுமாவது கிள்ளிப் போடுறேனே."

"தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது" என்றான் அரசன்.

அன்று வீட்டுக்குப் போய் அவள் பாத்திரங்களை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தாள். புழுவுக்குப் பீர்க்கு பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பூ பிஞ்சாகிற வரை எதையும் நம்ப முடியாதே. பயம் பயம்தான்.

புரட்டாசி கடைசி நாள் அரசன் வந்தான். சமையற்காரரும் அகப்பையோடு வந்து நின்றார். கிழக்கே தேடித் தேடி ஏழு கத்தரிக்காய் எடுத்தார்கள். அறுத்துப் பார்த்ததில் ஐந்தில் புழு நெளிந்தது. மேற்கே பந்தலுக்குள் குனியாமல் போக முடியவில்லை, அத்தனை காய். பீர்க்கங்காய்க் கூட்டும் புடலங்காய்ப் பொரியலும் பந்திக்குப் போதும், இரவுக்கும் மிஞ்சும் என்றார் சமையற்காரர். அவர் முகஸ்துதி தெரியாதவர்.

கொற்றவேல் அறுத்த காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "கேள்" என்றான்.

பொன் கேட்பாள், நிலம் கேட்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"உங்க பாதியில நிக்கிற செடிகளை நீங்களே பிடுங்கணும் ராசா."

"அவ்வளவுதானா? அதை நீயே பிடுங்கலாமே."

"நான் பிடுங்கினா எம்மேல கோவம் வரும். அடுத்த ஆனியில மறுபடியும் பந்தயம் வைப்பீங்க. எம் பிள்ளைங்களுக்கு வருசா வருசம் மூட்டை கட்ட என்னால முடியாது."

அரசன் உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான். பலம் வேண்டும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்தான். செடி இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. வேர் கருத்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பத்தாவது செடிக்கு மேல் அவன் வேரைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

கடைசிச் செடியில் ஒரே ஒரு ஊதாப் பூ இருந்தது. அரசன் நின்றுவிட்டான். வெயில் ஏறியது. "இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமா?" என்பது போல மருதாயியைப் பார்த்தான். அவள் பிடுங்கிய செடிகளைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

அவன் பூவை ஒருமுறை தொட்டான். பிறகு செடியைப் பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்வெட்டி எங்கே?" என்று கேட்டான்.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான்: காய்த்து ஓய்ந்ததைக் கைவிடத் தெரிந்தவனுக்கே அடுத்த விளைச்சலுக்கு இடம் கிடைக்கும்.