குரங்குகள் கண்டெடுத்த சைகை

மலைக்காட்டில் கடுங்கோடை. ஓடைகள் யாவும் வற்றிவிட்டன. பாறையடியில் ஒரே ஒரு சுனை மட்டும் எஞ்சியிருந்தது. அங்கு நீர் அருந்த வந்த குரங்குகளைச் சிறுத்தை ஒன்று புதரில் பதுங்கி வேட்டையாடியது. காவற்குரங்கு கத்தினால், அக்கணமே சிறுத்தை பாய்ந்துவிடும். அவ்வாறு இரண்டு குரங்குகள் மாண்டன.

ஆகவே, இனி வாயைத் திறவாமல் கையால் சைகை காட்ட வேண்டும் என்று தலைவன் செம்முகன் ஆணையிட்டது. சிறுத்தை தென்பட்டால் காவற்குரங்கு தன் விலாவைச் சொறிய வேண்டும். அதைக் கண்டதும் அனைத்தும் ஓசையின்றி மரமேற வேண்டும்.

"தலைவரே, உண்மையாகவே அரித்தால் என்ன செய்வது?" என்று வேம்பி என்னும் பெண்குரங்கு கேட்டது.

"பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றது செம்முகன்.

மறுநாள் நெட்டையன் என்னும் குரங்கு மரக்கிளையில் காவல் இருந்தது. புதர் அசைந்தது, புள்ளித்தோல் தெரிந்தது. உடனே நெட்டையன் விலாவைச் சொறிந்தது. கீழேயிருந்த குரங்குகள் நிமிர்ந்து பார்த்தன. சொறிவதைக் கண்டதும் அவற்றுக்கும் அரிப்பெடுத்தது! ஒன்று முதுகைச் சொறிந்தது. மற்றொன்று தொடையைச் சொறிந்தது. நெட்டையன் பதறிப்போய் இரு கைகளாலும் சொறிந்தது. செம்முகனும் அண்ணாந்து பார்த்தபடியே இரு கைகளாலும் சொறிந்தது.

வேறு வழியின்றி நெட்டையன் வீறிட்டது. சிறுத்தை பாய்ந்தது. வேம்பியின் வால்நுனி அறுந்தது. அது உயிரோடு தப்பியதே பெரிது.

அன்று எந்தக் குரங்கும் நீர் அருந்தவில்லை. தாகத்தோடு கூடி ஆராய்ந்தன. தலையில் கை வைக்கலாமா, மூக்கைத் தொடலாமா, கிளையைக் குலுக்கலாமா? எல்லாம் அவை நாள்தோறும் செய்பவையே.

"நாம் ஒருபோதும் செய்யாதது எது?" என்று வேம்பி கேட்டது.

நெட்டையன் தயங்கித் தயங்கிச் சொன்னது: "கைகளைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது."

மறுநாளும் சிறுத்தை வந்தது. நெட்டையன் கைகட்டி அசையாமல் அமர்ந்தது. இமைப்பொழுதில் சுனைக்கரை வெறிச்சோடியது. சிறுத்தை வியந்து மேலே நோக்கியது.

"என்னைக் கண்டதும் கைகட்டி அமர்ந்துவிட்டாயே, என்மீது அவ்வளவு மரியாதையா?"

சிறுத்தை பசியோடு திரும்பிச் சென்றது. குரங்குகள் இறங்கி வந்து வயிறார நீர் அருந்தின.

எந்நேரமும் செய்யும் செயல் எச்சரிக்கை ஆகாது. வழக்கத்தினின்று வேறுபட்டுத் தெரிவதே நல்ல அடையாளம்.