கடவம் தூக்கிய கைகள்

அன்றைய மீன் சாளையா நெத்திலியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. சாளை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டும் சரியாக நினைவில்லை. மீன் விற்ற சலேத்தம்மாளின் குரல் மட்டும் பிசகாமல் காதில் இருக்கிறது.

அம்மையார் கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். விடியும்போது கரையில் மீன் எடுத்து, கடவம் என்னும் ஓலைப்பெட்டியில் நிரப்பி, செம்மணல் மேடான தேரியைத் தாண்டிப் பனைவிளை ஊருக்குச் சுமந்து சென்று தெருத்தெருவாகக் கூவி விற்பார். பாதி வழியில் சிலுவை நிற்கும் ஒரு குருசடி உண்டு. அங்கே பெட்டியை இறக்கிச் செபம் சொல்லாமல் அவர் ஒருநாளும் மேலே நடந்ததில்லை. நிறைந்த கடவத்தைத் தனியாக இறக்கிவிடலாம். தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை பல காலம் பிரகாசியுடையது. அவளும் அதே தெருக்களில் மீன் விற்றவள்.

ஒருநாள் பனைவிளை வீட்டுக்காரி ஒருத்தி சலேத்தம்மாளை வாசலில் மறித்தாள். "நேத்து எங்க அத்த வாங்குன மீன் நாறிப்போச்சு. ஒங்க ரெண்டு பேர்ல ஆரு குடுத்தது?"

கொடுத்தவர் சலேத்தம்மாள்தான். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "பிரகாசியாத்தான் இருக்கும். பழைய மீன மண்ணுல பெரட்டிப் புதுசுன்னு விப்பா."

அதோடு பனைவிளை பிரகாசிக்குக் கதவடைத்தது. அவள் ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கப் போனாள். குருசடியில் சலேத்தம்மாள், பெட்டி தூக்கிவிட வழிப்போக்கர் எவராவது வரும்வரை காத்து நிற்கலானார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. "மனம் திரும்புங்கள்" என்று பங்குச் சாமியார் அவர் நெற்றியில் சாம்பல் பூசினார். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், வழக்கம்போல் கடவத்தோடு நடந்தார். பெட்டியிலிருந்து ஒழுகிய மீன்தண்ணீர் சாம்பலைக் கரைத்துக் கண்ணில் இறக்கியது. எரிச்சல் தாங்காமல் குருசடியில் பெட்டியை இறக்கி முழங்காலிட்டார். செபம் வரவில்லை. பிரகாசிமேல் சொன்ன பொய்தான் நாக்கில் நின்றது. பிறகு எழுந்து, மீனைக் காக்கைகளுக்கு விட்டுவிட்டுப் பிரகாசியின் வீட்டுக்கு ஓடினார்.

பிரகாசி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெடித்திருந்தன. "எங்கிட்ட அழுது என்னட்டி ஆவப்போவுது? பொய்ய வித்த தெருவுல போயி அழு" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பனைவிளையில் வழக்கமான கூவலோடு புதிய கூவலும் எழுந்தது. "சாளேய்! சாள மீனேய்! அன்னைக்கு நாறுன மீன் எம் மீனு! பிரகாசி மீன் நல்ல மீனு! பொய் சொன்னவ நாந்தான், சாளேய்!"

டீக்கடைக்காரர் தங்கக்கண் வெளியே வந்தார். "என்ன மீன்காரம்மா, இன்னைக்கிப் பாவமும் விலைக்கா?"

"பாவம் சும்மா, அண்ணாச்சி. மீனுக்குத்தான் காசு."

கடை சிரித்தது, மீன் போகவில்லை. நாறிய மீன் கொடுத்ததாகத் தானே கூவுகிறவளிடம் யார் வாங்குவார்கள்? மிஞ்சியதையெல்லாம் உப்பிட்டுக் கருவாடாக்கினார். தவக்காலம் முழுக்கத் தெரு தவறாமல் கூவினார். திரும்பும் வழியில் தேரியே கேட்கும்படி மாதா பாட்டுப் பாடியபடி வந்தார். அப்படி அவர் பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் அந்த வீட்டுக்காரியே கூப்பிட்டு, "பிரகாசிய வரச் சொல்லுங்க" என்றாள். அன்று மாலை சலேத்தம்மாள் சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "ஒன்னயப் பனைவிளையில தேடுதாவட்டி" என்று சொன்னார். கதவு திறக்கவில்லை.

மறுநாள் குருசடியில் செபம் முடிந்தது. வழியில் ஆள் இல்லை. சிலுவையை நிமிர்ந்து பார்த்து, "நீராவது ஒரு கை குடுமய்யா" என்று சிரித்தபடி பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். பெட்டி பூவைப்போல் எழும்பித் தலையில் அமர்ந்தது.

திரும்பினால் பிரகாசி. காலடியில் அவளுடைய கடவம், நிறைய மீனோடு.

"வாயப் பொளந்துட்டு நிக்காத. குனிஞ்சு எம் பெட்டிக்கு ஒரு கை போடு. வெயில் ஏறுது."

"பிரகாசி, நாலு கை தூக்குன மாதிரி இருந்துச்சுட்டி."

"ரெண்டுதான் என்னுது" என்றாள் பிரகாசி. இருவரும் சிலுவையைப் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கியவர்கள் பனைவிளை போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

தன் பிழையைத் தன் வாயாலேயே தெருவெங்கும் கூவிய அந்த எளிய அடியாரின் குரல் இனியது. ஆண்டவரின் காதுக்கும் அது இனித்திருக்கும்.

இருவரும் முழங்கால் ஓயும்வரை சேர்ந்தே மீன் விற்றார்கள். பிரகாசியின் விரல்கள் ஆறின. தங்கக்கண் கடைசிவரை இருவரிடமும் மாறி மாறி மீன் வாங்கினார். சலேத்தம்மாள் ஒரு தவக்காலத்துக் காலையில் உறக்கத்தில் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தபோது, முதல் கை பிரகாசியுடையதாக இருந்தது.