ஆசான் இலையில் நார்த்தங்காய்

பேச்சித்தாய் சமைப்பதைவிட அவள் பரிமாறுவதற்குத்தான் எங்கள் ஊரில் பேர். ஏன் என்று கேளுங்கள்.

அவள் சமையல் வேலை பார்ப்பது ரைஸ்மில் முதலாளி வீட்டில். முதலாளியம்மா கோமதிக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் ஒரே வாந்தி. வர்ம ஆசான் நீலகண்டன் வந்து மணிக்கட்டை அமுக்கிவிட்டார், வாந்தி மட்டுப்பட்டது. அவ்வளவுதான், ஆசானுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி ஆஸ்பத்திரியே வேண்டாம் முதலாளி, என் கை போதும். என் கைக்குக் குணமில்லன்னு சொல்ல இந்த வீட்ல யாராவது உண்டா?"

எப்படிச் சொல்வது? குணம்தான் கண்ணெதிரே தெரிகிறதே! அன்றைக்கு மருந்து ஏற்றும் நாள். முதலாளியோ காரைத் திரும்ப ஷெட்டில் விடச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் ஆசானுக்கு விருந்து. பேச்சித்தாய் இலை போட்டாள். நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆசான் தொட்டு நக்கினார். "ஆகா! இது இருந்தா சோறு தன்னால இறங்கும் தாயி!"

சோறு வரவில்லை. ஆசான் அண்ணாந்து பார்த்தார்.

"சோறு எங்கே?"

"ஊறுகாயே இவ்வளவு நல்லா இருக்கே ஆசானே, இனி சோறு எதுக்கு?"

ஆசானின் விரல் வாயிலேயே நின்றுவிட்டது. முதலாளி ஒரு நிமிஷம் இலையைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார்: "ஏல, வண்டியை எடு!"

சுவரில் சாய்ந்திருந்த கோமதி சிரித்தபடி எழுந்து சொன்னாள்:

"ஆசானுக்குச் சோறு போட்டு, அவரையும் வண்டியில ஏத்துங்க. கட்டுச்சோறு கொண்டுபோறவுக ஊறுகாயை விட்டுட்டா போவாக?"