மனம் இளகிய மூடி

பேச்சு வராத பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிப் பேசப் பழக்கும் அறை ஒன்றில், ஒரு காலத்தில் ஒரு சோப்புக்குமிழி பாட்டிலும் அதன் மூடியும் இருந்தன. பாட்டிலை எல்லோருக்கும் பிடிக்கும். மூடியை யாருக்கும் பிடிக்காது.

அதன் வேலை அப்படி. பிரிசில்லா டீச்சர் நாலு குமிழி ஊதிக் காட்டுவார். பிள்ளை சொக்கிப்போய் நிற்கும்போது மூடியை நன்றாக முறுக்கி, பாட்டிலைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவார். பிறகு பேசாமல் காத்திருப்பார். பிள்ளை திருகிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும். கடைசியில் டீச்சர் முகத்தைப் பார்த்து, 'திற' என்பதில் பாதியாவது சொல்லியாக வேண்டும். அந்த அரைச் சொல்லுக்காகத்தான் மூடி அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு இறுகிக் கிடந்தது.

நிறைமதி என்ற நாலு வயதுப் பெண் வந்தாள். காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும், சொல் மட்டும் வரவில்லை. அவள் வாயால் 'அம்மா' என்று ஒரு தடவை கேட்டுவிட, அவளைப் பெற்றவள் மூலையில் நாற்காலி போட்டுத் தவம் கிடந்தாள்.

நிறைமதி திருகினாள். அசையவில்லை. அழுதாள்.

"உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? பிள்ளை ஏங்கி ஏங்கி அழுவுது," என்றது பாட்டில்.

"நான் விட்டா சிரிப்பா. விடலைன்னா பேசுவா," என்றது மூடி.

"பெரிய நீதிபதி இவரு!" என்று பக்கத்தில் கிடந்த விசில் கேலி செய்தது.

"பச்சப்பிள்ளைகிட்ட என்ன வீம்பு?" என்றது அலமாரியில் இருந்த கைப்பொம்மைக் கிளி.

மூடி இறுகியே கிடந்தது. ஆனால் மனசு வலித்தது. தன்னை ஒருவரும் ஒருநாளும் கொஞ்சியதில்லை என்ற குறையும் அதற்கு இருந்தது.

ஒருநாள் நிறைமதி அழுகையை நிறுத்தி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். 'திற' என்று சொல்லப்போவதுபோல் நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, கன்னத்தில் நின்ற கண்ணீர் மூடியின் மேல் சொட்டியது. மூடிக்குத் தாங்கவில்லை. இளகிவிட்டது.

பாட்டில் திறந்துகொண்டது. நாக்கு உள்ளே போய்விட்டது. நிறைமதி கைகொட்டிச் சிரித்தாள். பாட்டிலும் விசிலும் கிளியும் மூடியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. டீச்சர் முகம் மட்டும் வாடியது.

கொஞ்சலின் ருசி கண்ட மூடி அதன்பின் இறுகவே இல்லை. அதைப் பார்த்து, அவள் வாய்விட்டுக் கேட்காமலே விசிலும் ஒலித்தது, கிளியும் ஆடியது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே நிறைமதிக்கு இல்லாமல் போயிற்று.

அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. கடைசி நாளன்று டீச்சர் அந்தப் பாட்டிலையே அவளிடம் கொடுத்தனுப்பினார்.

பஸ் நிலையத்தில் கூட்டம் நெருக்கியதில் அம்மாவின் கை நழுவிவிட்டது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி தூணோரம் ஒதுங்கிய நிறைமதிக்கு, ஆட்களின் இடுக்கில் அம்மா தெரிந்தாள். அம்மாவுக்கு அவள் தெரியவில்லை.

"நிறை! எங்கடி இருக்க? ஒரு குரல் குடுடி!"

"கூப்பிடு தாயி," என்று மூடி கெஞ்சியது. "அம்மான்னு ஒரே ஒரு தடவை."

நிறைமதி மூடியைத் திருகினாள். எது வேண்டுமென்றாலும் அவள் செய்யப் பழகியது அது ஒன்றுதான். இந்தத் தடவையாவது விடக்கூடாது என்று மூடி உயிரைக் கொடுத்து இறுகப் பார்த்தது. விட்டுக்கொடுத்தே தேய்ந்துபோன அதன் திருகுமரை பிடிக்கவில்லை. கழன்று தரையில் விழுந்தது.

அவள் ஊதினாள். அழகழகாகக் குமிழிகள் எழுந்தன. அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே எதிர்ப்பக்கமாக ஓடினாள்.