பழைய கட்டடம், புதுக் கட்டடம்

இருபத்திரண்டு வருடம் அந்த மருத்துவமனையின் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோதண்டம், ஐம்பத்தொன்றாம் வயதில் மறுபடி மாணவரானார். போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவரை நெட்வொர்க் அறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெபமலர். வயது முப்பத்து மூன்று. அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக, பிறகு உண்மையாகவே.

“பிரம்பு உண்டா டீச்சர்?”

“பிரம்பு கிடையாது. முட்டி போடணும். கேபிள் எல்லாம் மேசைக்கு அடியிலதான் இருக்கு.”

முதல் நாள் அவள் சுவரோரம் இருந்த பெட்டியைக் காட்டினாள். பழைய கட்டடத்தின் ரூட்டர் அது. சாலைக்கு எதிர்ப்பக்கம், ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் புதுக் கட்டடத்தில் இன்னொன்று.

“ஒரே கட்டடத்துக்குள்ள போற செய்தியைச் சுவிட்ச்ங்கிற பெட்டி பார்த்துக்கும், அண்ணாச்சி. வெளியே போகணும்னா ரூட்டர்கிட்டதான் வரணும். விலாசத்தைப் பார்த்து, அடுத்து எந்த வாசல்னு அது அனுப்பும்.”

“எல்லா விலாசமும் அதுக்குத் தெரியுமா?”

“நாம எழுதிக் கொடுத்தது மட்டும் தெரியும்.”

“எழுதிக் கொடுக்காத விலாசம் வந்தா?”

அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரத்த வங்கியைப் பழைய கட்டடத்திலிருந்து பின்பக்கத்துச் சிறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். புது இடம், புது விலாசம். அந்த விலாசம் எந்த வாசலில் இருக்கிறது என்று பழைய கட்டடத்து ரூட்டரில் ஒரு வரி எழுத வேண்டும். ஜெபமலர் ஊரின் மறுகோடியில் இருந்த கிளைக்குப் போயிருந்தாள். “தெரியலன்னா எனக்குப் போன் போடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கோதண்டத்துக்குத் தெரியவில்லை. போனை எடுத்தார், வைத்தார். இதே விஷயத்தை மூன்று தடவை கேட்டாயிற்று. நான்காவது தடவையும் அந்தப் பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை.

போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் யாரிடமும் தெரியாது என்று சொன்னதில்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும், எந்த வார்டைக் கேட்டாலும், “லைன்ல இருங்க” என்பார். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார். லைனை வெட்டியதே கிடையாது. அது அவருடைய தொழில் மரியாதை.

அந்த மரியாதையையே இப்போது ரூட்டருக்கும் எழுதிக் கொடுத்தார். தெரியாத விலாசம் எது வந்தாலும் புதுக் கட்டடத்துக்கு அனுப்பு.

புதுக் கட்டடத்து ரூட்டரில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. தெரியாத விலாசம் எது வந்தாலும் பழைய கட்டடத்துக்கு அனுப்பு. அதை அவர் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு மேல் பெட்டியின் விளக்குகள் படபடவென்று மின்னத் தொடங்கின. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

தியேட்டரிலிருந்து நர்ஸ் அமலோற்பவம் போன் செய்தாள்.

“அண்ணாச்சி, ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு.”

“போயிட்டிருக்கு சிஸ்டர். இன்னைக்குக் கொஞ்சம் ஸ்லோ. வெயிட் பண்ணுங்க.”

என்ன ரிக்வெஸ்ட் என்று அவர் கேட்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து ஜெபமலர் கையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். விளக்குகளைப் பார்த்ததும் நின்றாள்.

“யாராவது கூப்பிட்டாங்களா?”

“தியேட்டர்ல. ஸ்லோவா இருக்காம்.”

அவள் உட்காரவில்லை. குனிந்து ஒரு கட்டளையைத் தட்டினாள். தியேட்டரிலிருந்து ரத்த வங்கிக்குப் போகும் செய்தி எந்தெந்தப் பெட்டி வழியாகப் போகிறது என்று திரையில் வரிவரியாக வரத் தொடங்கியது.

“வாசிங்க, அண்ணாச்சி.”

“புதுக் கட்டடம்.”

“அப்புறம்?”

“பழைய கட்டடம்.”

“அப்புறம்?”

“புதுக் கட்டடம்.” அவர் குரல் இறங்கியது. “பழைய கட்டடம். புதுக் கட்டடம். பழைய…”

“நிறுத்தாதீங்க.”

ஏழாவது வரியில் அவர் வாசிப்பதை விட்டுவிட்டார். திரையில் வரிகள் நிற்கவில்லை.

“ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் செய்தியோட ஆயுசுல ஒண்ணு குறையும்னு சொன்னேனே,” என்றாள் ஜெபமலர். “ஆயுசு முடிஞ்சா?”

“அப்ப கையில வச்சிருக்கிற பெட்டி செய்தியைத் தூக்கிப் போட்டுடும்.” அவர் திரையிலிருந்து நிமிர்ந்தார். “ஆனா ரெண்டு பெட்டியும் நாம எழுதிக் கொடுத்ததைத்தானே டீச்சர் செஞ்சுது?”

அவள் அவர் எழுதிய வரியைத் தேடினாள்.

“அதை அழிச்சா தியேட்டர்ல எர்ரர் வருமே.”

“வரட்டும்.”

அழித்தாள். அடுத்த நிமிடமே போன் அடித்தது. ஜெபமலர் கையை நீட்டவில்லை. அவர்தான் எடுத்தார்.

“அண்ணாச்சி, வழி இல்லைன்னு வருது.” அமலோற்பவத்துக்கு மூச்சிரைத்தது. “ரத்தத்துக்கு எழுதினது அது. பிரசவத்துக்கு வந்த பொண்ணு, ரத்தம் நிக்கல. பிளட் பேங்க்ல எடுத்து வச்சிருப்பாங்கன்னுல்ல உட்கார்ந்திருக்கோம்? போச்சா, போகலையா?”

“லைன்ல இருங்க” என்ற பழைய வார்த்தை வாய் வரை வந்தது. அவர் டீச்சரைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போகல சிஸ்டர். இங்கேயிருந்து வழியே இல்லை. நான் எழுதினது தப்பு. சீட்டு எழுதி ஆளை ஓட விடுங்க. பிளட் பேங்குக்கு நான் இப்பவே போன்ல சொல்றேன். என்ன குரூப்?”



“ஓ நெகட்டிவ். இதை அப்பவே சொல்லியிருந்தா நான் அப்பவே ஓடியிருப்பேனே, அண்ணாச்சி.”

லைன் வெட்டுப்பட்டது.

அவர் ரத்த வங்கிக்குச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனார். தியேட்டர் அட்டெண்டர் பூலோகம், வந்துகொண்டிருந்த லாரிக்குக் கையைக் காட்டிக்கொண்டே சாலையைக் கடந்தார். அறுபதை நெருங்கிய மனிதர், செருப்பை அந்தப் பக்கமே விட்டிருந்தார்.

“அண்ணாச்சி, வாங்க. வரியை எழுதணும்.”

“நீங்களே எழுதிடுங்க டீச்சர்.”

“நான் சொல்றேன். நீங்க எழுதுங்க.”

அவள் சொன்னாள். ரத்த வங்கியின் விலாசம், மூன்றாவது வாசல். அவர் விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. விளக்குகள் அடங்கி, நிதானமாக மின்னின. ஜன்னலுக்கு வெளியே பூலோகம் ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினார். அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து அது அடித்தது.

“மூணு யூனிட் ஏறிட்டு,” என்றாள் அமலோற்பவம். “பிரஷர் வந்துட்டு. பொழைச்சுக்கிடுவா.” போனை வைத்துவிட்டாள்.

கோதண்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 

“இருபத்திரண்டு வருஷம் டீச்சர். தெரியாதுன்னு ஒருத்தரைக்கூடத் திருப்பி அனுப்பினதில்லை.”

ஜெபமலர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“யாரும் புகார் சொன்னதில்லை. ஒருத்தர்கூடச் சொன்னதில்லை டீச்சர்.”

“புகார் சொல்லணும்னாலும் அவங்க உங்ககிட்டதானே லைன் கேட்கணும், அண்ணாச்சி?”