மாதிரி எடுத்த இடம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் சகாயமேரி. பாலிடெக்னிக்கில் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவர். பிறகு அதை விட்டுவிட்டு, அரியலூருக்கு வெளியே ஒரு தகரக் கூரையின் கீழ், கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் லேப் ஒன்றைத் தொடங்கினார். சிமென்ட், ஜல்லி, மணல், கம்பி, செங்கல் எல்லாம் அங்கே வரும். கொண்டுவந்தவர்கள் தேறியதா இல்லையா என்று எழுதிய தாளோடு திரும்பிப் போவார்கள்.

சீடர் துரைக்கண்ணு முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து ஒழுங்காக நடக்க ஒன்றரை வருடம் பிடித்தது. இனிமேல் ஏற முடியாது என்றானபோது லேபுக்கு வந்து நின்றார்.

"மாதிரி எடுக்க ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன் டீச்சர். எனக்கு வேலை தெரியும். வேலைக்குப் பின்னாடி இருக்கறது தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பீங்களா?"

"சொல்லிக் கொடுக்க மாட்டேன் அண்ணே. பக்கத்துல இருந்து பாருங்க."

அப்படித்தான் அவர் சேர்ந்தார்.

இரண்டாவது வருடம் மாசி மாதத்தில் நல்லதம்பியின் கான்கிரீட் கட்டிகள் நசுக்கும் எந்திரத்துக்கு வந்தன. கான்கிரீட்டைச் சின்னச் சின்னக் கட்டியாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு நசுக்கிப் பார்ப்பார்கள். கியூப் என்பார்கள். எவ்வளவு பாரம் தாங்கியது என்பதுதான் கணக்கு.

நல்லதம்பி கான்ட்ராக்டர். துரைக்கண்ணுவும் அவரும் ஒரே நாளில் சித்தாள் வேலைக்குப் போனவர்கள். துரைக்கண்ணு விழுந்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் நல்லதம்பி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்பது நாள் பாய் போட்டுக் கிடந்தவரும் அவர்தான். இப்போது அவர் பிறந்த ஊருக்கே குடிதண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. நானூறு வீடு. பெண்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒரே கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு கியூபும் நன்றாகவே தாங்கின. துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷம். தாளை எடுக்கப் போனார்.

சகாயமேரி உடைந்த கட்டி ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பினார். உடைந்த முகத்தில் ஆங்காங்கே ஏதோ மினுங்கியது.

"இது என்ன அண்ணே?"

"காக்காப்பொன். எங்க பக்கத்து மணல்ல இருக்கும்."

"கீறிப் பாருங்க."

துரைக்கண்ணு நகத்தால் கீறினார். காக்காப்பொன் போல ஏடு ஏடாகப் பிரியவில்லை. வெள்ளையாகப் பொடிந்தது.

"ஜிப்சம். அந்த மணல்ல கொஞ்சம் கொண்டுவாங்க."

மணலைப் பொடித்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டினார்கள். வடிந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. சகாயமேரி அதில் இன்னொரு தெளிந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நாலாவது சொட்டில் பீக்கர் முழுக்கப் பால்போல் ஆகிவிட்டது. அந்த வெள்ளையை வடித்து, எரித்து, மறுநாள் எடை போட்டார்கள். நூறு கிராம் மணலில், ஜிப்சத்திலிருந்து வரும் சல்பேட் அரை கிராமைத் தாண்டக்கூடாது. இதில் ஒன்றே முக்கால் இருந்தது.

துரைக்கண்ணு எடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கட்டி நின்னுடுச்சு. எந்திரமே தாங்குதுன்னு சொல்லிடுச்சு. அப்புறமும் இது ஆகாதுன்னா, எதை நம்பறது?"

சகாயமேரி லேப் மூலைக்குப் போனார். கட்டிகளை ஊறவைக்கும் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு சாந்துக் கட்டையை எடுத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

"இது யார் போட்டது?"

"நான்தான். போன ஆடியில. எதுக்குன்னு நீங்க சொல்லல."

"அந்த மணல்ல நான் கொஞ்சம் ஜிப்சம் கலந்திருந்தேன்." அலமாரியிலிருந்து இரும்பு அச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "நீங்க வார்த்த அச்சு இதுதான். திரும்ப உள்ளே வையுங்க."

துரைக்கண்ணு வைத்தார். ஒரு முனை உட்கார்ந்தது. மறுமுனை உட்காரவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் இடித்துக்கொண்டு நின்றது. முப்பது வருடம் கல்லும் கட்டையும் பொருத்திய கை அது. மூன்றாம் முறை அழுத்தியபோது கட்டையின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது.

"சிமென்ட்டோட சேர்ந்து, தண்ணி கிடைச்சா, உள்ளே ஊசி ஊசியா வளரும் அண்ணே. வளர இடம் இருக்காது. அதுவே இடம் பண்ணிக்கும்."

"எத்தனை நாள்ல?"

"மூணு வருஷம். அஞ்சு. எட்டு. தண்ணி எவ்வளவு போகுதோ அதைப் பொறுத்தது."

"தொட்டி எப்பவும் தண்ணியோடதானே நிக்கும்."

"ஆமா."

துரைக்கண்ணு அச்சைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை டீக்கடையில் நல்லதம்பி காத்திருந்தார். காலடியில் ஒரு சாக்குமூட்டை.

"தாள்ல கையெழுத்து ஆயிடுச்சா?"

"இல்ல."

"இது ஆத்து மணல். பழைய வேலையில மிஞ்சினது. தொட்டி மணல்னு இதைச் சோதிச்சு எழுதிக் கொடு. மாதிரி எடுக்கறது நீதானே."

"தொட்டிக்கு எதைப் போடுவ?"

"இறக்கின மணலைத்தான். பன்னெண்டு லோடு கிடக்கு. கம்பி கட்டியாச்சு, பலகை அடிச்சாச்சு. சித்திரை பொறந்தா அந்தக் கிணறும் வத்திடும் துரை. ஊரே என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்குது." நல்லதம்பி டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "நான் ஏமாத்தறவன் இல்ல. உனக்குத் தெரியும். கட்டி நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன?"

ஆஸ்பத்திரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் துரைக்கண்ணுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூட்டையை வாங்கிக்கொண்டு துரைக்கண்ணு லேபுக்கு வந்தார். மேசைமேல் வைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அவன்கிட்ட இல்லைன்னு சொல்ல என் வாய் வரமாட்டேங்குது டீச்சர். நான் உயிரோட நடக்கறதே அவனால. நான் என்ன பண்ணட்டும்?"

சகாயமேரி மூட்டையைப் பிரித்தார். ஒரு கைப்பிடி அள்ளினார். வழக்கம்போலப் பொடித்து, கொதிக்கவைத்து, வடித்தார். இம்முறை திரவம் லேசாகக் கலங்கியதோடு சரி. மறுநாள் எடை வந்தது. அரையில் கால்வாசிகூட இல்லை.

புதுத் தாள் ஒன்றை எடுத்து எண்ணை எழுதினார். தேறியது என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். பிறகு தாளைத் துரைக்கண்ணுவின் பக்கம் தள்ளிப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"ஒரு கட்டம் காலியா இருக்கு."

துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். 'மாதிரி எடுத்த இடம்' என்று இருந்தது.

"மணல்ல என்ன இருக்குன்னு நான் எழுதலாம். எங்கே எடுத்ததுன்னு எடுத்தவர்தான் எழுதணும். எனக்கு அது தெரியாது அண்ணே."

"தெரியுமே டீச்சர். நேத்துத்தானே சொன்னேன்."

சகாயமேரி எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ பேசும் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

துரைக்கண்ணு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில், 'நல்லதம்பியின் பழைய வேலையிடம். தொட்டி மணல் அல்ல' என்று எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்று நேராக இருந்தது.

பிறகு முதல் மணலுக்கு உரிய தாளிலும் அந்தக் கட்டத்தை நிரப்பினார். இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தொட்டி வேலை நடக்கும் இடத்தில் நல்லதம்பி நின்றுகொண்டிருந்தார். துரைக்கண்ணு தாள்களை நீட்டினார்.

"மணல் ஆகாதுன்னு இருக்கு. நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கும் ஒரு பிரதி போகும். நீ அங்கே போய்த் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு வந்தேன்."

நல்லதம்பி இரண்டையும் படித்தார். ஆற்று மணலின் தாளைத் திரும்பப் படித்தார்.

"நேர்ல வந்துட்டல்ல. போ."

"நல்லு..."

"போடா."

காலிக் குடத்தோடு அந்த வழியாக வந்த ஒரு பெண் நின்று கேட்டாள். "தண்ணி வருமா வராதாண்ணே?"

"வரும்மா. கொஞ்சம் தள்ளி வரும்" என்றார் துரைக்கண்ணு.

அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். அந்த நடையை அவர் கொஞ்ச தூரம் பார்த்தார். பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல், தொட்டி மணலை அள்ளிய குவாரிப் பக்கம் திரும்பினார்.

குவாரியின் மேல்தட்டு களிமண். அதில் வெள்ளை நரம்பு மாதிரி ஜிப்சம் ஓடியது. மேலோட்டமாக வெட்டி அள்ளியதால் அது மணலோடு கலந்திருந்தது. அடியில் எப்படி என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இறங்குவதற்கு ஏணி இல்லை. துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, தட்டுத் தட்டாகச் சறுக்கி இறங்கினார். அன்றும் மறுநாளும் ஆறு இடத்தில் மணல் எடுத்தார். ஒவ்வொரு பையிலும் எடுத்த இடத்தை எழுதினார்.

நாலு இடத்து மணல் ஆகவில்லை. கிழக்குப் பக்கம் களிமண்ணுக்கு அடியில் எடுத்த இரண்டும் தேறின. அந்தத் தாளைக் கொண்டுபோய் நல்லதம்பியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

எட்டு நாள் ஒரு சேதியும் இல்லை. ஒன்பதாம் நாள் லேப் வாசலில் நல்லதம்பியின் வண்டி வந்து நின்றது. சாக்குமூட்டை ஒன்றை அவரே சுமந்துவந்து இறக்கினார். மூட்டையில் கட்டியிருந்த அட்டையில், 'கிழக்கு, கீழ்த்தட்டு. எடுத்தவர் நல்லதம்பி' என்று எழுதியிருந்தது.

"நீ இறங்கின இடத்துல நானும் இறங்கினேன்" என்றார். "இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எப்படிடா இறங்கின?"

"உக்காந்துதான்."

"ஏறினது?"

"அதைக் கேக்காத."

நல்லதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஆகாத பன்னிரண்டு லோடும் ஏரிக்கரைப் பாதையை மேடாக்கப் போயின. சித்திரையில் கிணறு வற்றத்தான் செய்தது. நல்லதம்பி இரண்டு மாதம் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து தெருத் தெருவாக ஊற்றினார். ஏச்சும் வாங்கினார். ஆனி முடிவில் தொட்டி எழுந்தது.

முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பிய அன்று சகாயமேரியையும் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நாள் நிரப்பி வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. நாலாம் நாள் காலை தெருக்குழாயைத் திறந்தார்கள். முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர். குடங்கள் வரிசையாக நகர்ந்தன. நல்லதம்பி கூட்டத்துக்குள் எங்கோ இருந்தார்.

துரைக்கண்ணு தூண் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் சகாயமேரி நின்றிருந்தார்.

"டீச்சர், இது எத்தனை வருஷம் நிக்கும்?"

"தெரியாது அண்ணே."

"இவ்வளவு சோதிச்சோமே."

சகாயமேரியும் அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரும். புயல் வரும். என்னைக்காவது லாரி வந்து மோதினாலும் மோதும். வெளியிலேருந்து வர்றதுக்கு எங்கிட்டச் சோதனை இல்ல. உள்ளேயிருந்து ஒண்ணும் வராது."